நீலத்த மொகத்துல போடாத, சேலையில போடு

தங்கச்சி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன், படத்தையும் ஃபோன்ல பெருசாக்கி பாத்தேன். பாட்டி தவறி ஆறு மாசம் ஆச்சு, அவங்கள அக்ரிலிக்ல வரைஞ்சிருக்க, சோகம் தெரியணும்னு மொகத்துலேர்ந்து சேலை வரைக்கும் நீலமா போட்டுட்ட, இப்ப மாமா வந்து "என்னா இது, பேய் மாதிரி இருக்கு"ன்னு சொல்லிட்டாராம், அதனால மனுஷ உருவம் வரையுற ஓவியருங்க எந்த உணர்ச்சிக்கு எந்த கலருன்னு எப்படி முடிவு பண்ணுறாங்க, அதுக்குன்னு சார்ட் ஏதும் இருக்கா, பிக்காசோ மட்டும் நீலத்துல போட்டா எல்லாரும் கும்புடுறாங்களே அது எப்படின்னு கேட்டிருக்க. பதில் நீளமா போகும், ஒரு தேத்தண்ணி கலக்கி பக்கத்துல வெச்சுக்க.

மொதல்ல மாமா சொன்னது. அவரு சொன்னது சரிதான், ஆனா காரணம் நீ நெனைக்கிறது இல்ல. நம்ம தோலு என்னா கலருன்னு கேட்டா கறுப்பும்போம், மாநிறம்போம், பெயிண்ட் கணக்குல பாத்தா அது இருட்டான ஆரஞ்சு, அவ்ளோதான். ஆரஞ்சுக்கு நேர் எதிரி நீலம். ரெண்டையும் ஒன்னா கலந்தா ஒன்ன ஒன்னு கொன்னுபோட்டு சாம்பல் தான் மிஞ்சும். நீ அதோட நிக்கல, நெத்தி, மூக்குத்தண்டு, கன்னத்து எலும்புன்னு வெளிச்சம் விழுற எடமெல்லாம் வெள்ளைய கலந்து தூக்கியிருக்க. வெள்ளை சேர சேர கலரு குளுந்து போயி சுண்ணாம்பு மாதிரி ஆயிடும். ஆக சாம்பல், அதுக்கு மேல சுண்ணாம்பு. ரத்த ஓட்டம் நின்னுபோன தோலு தான் அப்படி இருக்கும். மாமாவுக்கு பெயிண்டிங் தெரியாது, ஆனா பொணத்த பாத்திருக்காரு, கண்ணு கரெக்டா புடிச்சிடுச்சு. நீ சோகத்த போடப்போயி சாவ போட்டுட்ட, ரெண்டும் வேற வேற.

இதுல உன் தப்பு பாதிதான். சின்ன வயசுலேர்ந்து நமக்கு கலர் கத்துக் குடுத்த விதமே அப்படி. தமிழ்ப்பள்ளியில வண்ணம் தீட்டுற போட்டி வெச்சா "டேய் ஸ்கின் கலர் குடுடா"ன்னு பக்கத்து பையன கேப்போம், அவன் எடுத்து நீட்டுறது ஒரு வெளிறிப்போன ரோஸ் குச்சி. வகுப்புல முப்பது பேரு, ஒருத்தன் தோலு கூட அந்த கலருல இருக்காது, ஆனா முப்பது படத்துலயும் அம்மாவும் அப்பாவும் அந்த ரோஸ்ல தான் நிப்பாங்க. அமெரிக்காவுல கிரயோலா கம்பெனிகாரங்க அந்த குச்சிக்கு வெச்சிருந்த 'ஃபிளெஷ்'ங்கற பேர 1962லயே எடுத்துட்டு 'பீச்'னு மாத்திட்டாங்க, நம்ம வாயில தான் இன்னும் மாறல.

நானும் அந்த ரோஸ வித்து சாப்புட்டவன் தான். தொண்ணூறு வாக்குல ஈப்போவுல ஒரு கடைக்கு தவறினவங்க படம் வரைஞ்சு குடுத்துக்கிட்டு இருந்தேன், ஐசியில, அதான் அடையாள அட்டையில, இருக்கற படத்த வெச்சு பெருசா ஆயில்ல போடுற வேல, படத்துக்கு எண்பது வெள்ளி, அதாவது ரிங்கிட். மொதலாளி சட்டம் என்னான்னா தோல வெளுப்பா போடணும், கன்னத்துல கொஞ்சம் ரோஸ் ஏத்தணும், "குடும்பத்துக்கு அதான் புடிக்கும்"பாரு. ஒரு தடவ முப்பது வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டுன ஒரு பெரியவர அப்படி வெளுத்து போட்டுக் குடுத்தேன். அவரு பொஞ்சாதி படத்த வாங்க வந்தவங்க சுத்தியிருந்த பேப்பர பிரிச்சு பாத்துட்டு ரொம்ப மரியாதையா கேட்டாங்க, "தம்பி, இது யாரு வீட்டு படம்? மாத்தி குடுத்துட்டீங்க போல இருக்கே". அன்னையோட அந்த வேலைய விட்டுட்டேன்னு சொன்னா கத நல்லா இருக்கும், ஆனா இன்னும் எட்டு மாசம் செஞ்சேன், காசு வேணும் இல்ல.

சரி, சார்ட். இருக்குது, ரொம்ப பழசு. பரதரோட நாட்டிய சாஸ்திரத்துல ஒவ்வொரு ரசத்துக்கும், அதாவது உணர்ச்சிக்கும், ஒரு நெறம் ஒதுக்கி வெச்சிருக்காங்க. கோவத்துக்கு செவப்பு, பயத்துக்கு கறுப்பு, சிரிப்புக்கு வெள்ளை, வியப்புக்கு மஞ்சள். சோகத்துக்கு என்னான்னா புறா நெறம், அதாவது சாம்பல். நீலத்த எதுக்கு குடுத்திருக்காங்க தெரியுமா, அருவருப்புக்கு. அந்த புத்தகத்த கையில வெச்சுக்கிட்டு உன் படத்த பாக்குறவன் பாட்டிய பாத்து மொகத்த சுளிக்கணும். சோகம்னா நீலம்ங்கறது இங்கிலீஷ்காரன் பேச்சுலேர்ந்து நம்ம தலையில வந்து ஒக்காந்தது. சார்ட்டுங்கறது ஒரு ஊரு ஆளுங்க பேசி வெச்சுக்கிட்ட ஒப்பந்தம், மேடையில தூரத்துலேர்ந்து பாக்குறவனுக்கு இது இன்னதுன்னு தெரியறதுக்கு ஒதவும், ஒத்த மனுஷி மொகத்த ரெண்டடி தூரத்துல நின்னு பாக்குறதுக்கு ஒதவாது. செவப்புன்னா கோவம்னா, வருஷ ஆரம்பத்துல பால்மரம் எல கொட்டுறதுக்கு முன்னாடி காடே செவந்து நிக்குதே, அதுக்கு யாரு மேல கோவம்?

நம்ம ஆளுங்க பேசுறத கொஞ்சம் கவனிச்சு பாரு. "அந்த செய்திய சொன்னதும் மொகம் கறுத்துப்போச்சு." "பயத்துல வெளுத்துட்டான்." "அழுது அழுது கண்ணு செவந்திருக்கு." "புள்ள வாடிப்போயிட்டா." இதுல எங்கயும் இந்த உணர்ச்சிக்கு இந்த கலருன்னு இல்ல. கறுத்து*ப்போச்சு*, வெளுத்து*ட்டான்*, அதாவது மொதல்ல ஒரு மாதிரி இருந்தது, இப்ப வேற மாதிரி ஆயிடுச்சு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம் தான் நமக்கு உணர்ச்சியா தெரியுது. தொல்காப்பியத்துல நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகைன்னு எட்டு சொல்லி அதுக்கு மெய்ப்பாடுன்னு பேரு வெச்சாங்க, மெய்யில படுறது, ஒடம்புல தெரியறது. உருவம் வரையுறவனுக்கு இத விட நல்ல வார்த்தை எந்த பாஷையிலயும் நான் பாக்கல. மொதல்ல ஒடம்பு, அப்புறம் தான் கலரு.

அப்புறம் பசலை. புருஷன் பிரிஞ்சு போனா பொண்ணு மேனியில படருற வெளுப்பு, அதுக்குன்னே திருக்குறள்ல 119வது அதிகாரம், பத்து குறளும் ஒரு தோலு கலர் மாறுறத பத்தி மட்டும். அதுல ஒன்னுல அந்தம்மா சொல்லுறாங்க, வெளக்கு எப்ப அணையும்னு இருட்டு காத்துக்கிட்டு கெடக்கற மாதிரி, அவரு கட்டிப்புடிச்ச கை எப்ப வெலகும்னு இந்த பசலை காத்துக்கிட்டு இருக்குன்னு. எனக்கு காலேஜ்ல மூணு வருஷம் கலர் தியரி எடுத்தாங்க, இவ்ளோ தெளிவா யாரும் சொல்லல. ஒரு கலர் ஒரு எடத்துல வருதுன்னா அங்க என்னமோ போயிடுச்சுன்னு அர்த்தம்.

இப்ப பிக்காசோ. 1901 பிப்ரவரியில அவரோட நெருங்கின கூட்டாளி காசாகெமாஸ் பாரிஸ்ல தன்னைத்தானே சுட்டுக்கிட்டு செத்துப்போனாரு, பிக்காசோவுக்கு அப்ப 19 வயசு, உன் வயசுதான். அந்த வருஷம் செத்த கூட்டாளியோட மொகத்த வரைஞ்சாரு, அது நீலமா இருக்கும்னு நெனைக்கிற இல்ல? அதுல தலைமாட்டுல ஒரு பெரிய மெழுகுவத்தி எரியுது, சுத்தி மஞ்சளும் செவப்பும் அப்பி அப்பி போட்டிருப்பாரு. துக்கம் சுடச்சுட இருந்தப்ப அவரு எடுத்தது சூடான கலரு. நீலம் அதுக்கப்புறம் மெல்ல மெல்ல வந்து 1904 வரைக்கும் ஒக்காந்துச்சு. அந்த நீலத்துலயும், கிழவர் கிட்டார் வாசிக்கற படம் இருக்கே, 1903, 1904 வாக்குல போட்டது, இப்ப சிகாகோவுல இருக்கு, அத தேடி எடுத்து பாரு. ஆளு நீலம், துணி நீலம், பின்னாடி நீலம், கிட்டார் மட்டும் பழுப்பு. அந்த ஒரு கட்ட பழுப்பு இல்லன்னா மத்ததெல்லாம் குளிரா இருக்குன்னே நமக்கு தெரியாது. உன் படத்துல அந்த கிட்டார் இல்ல, அதான் விஷயம். சோகம் எங்க இருக்குன்னு பாக்கப்போனா, அந்த கிழவரோட ஒடஞ்ச மாதிரி தொங்குற கழுத்துலயும் துருத்திக்கிட்டு நிக்கற தோள்பட்டையிலயும் இருக்கு. கறுப்பு வெள்ளையா பிரிண்ட் எடுத்தாலும் சோகம் போகாது.

இத நீ இப்பவே சோதிச்சு பாக்கலாம். உன் படத்த ஃபோன்ல எடுத்து கலர முழுசா எடுத்துட்டு கறுப்பு வெள்ளையா மாத்து. நான் மாத்தி பாத்தேன். மொகம், சேலை, பின்சுவரு மூணும் ஒரே சாம்பலா ஒட்டிக்கிட்டு நிக்குது, பாட்டி எங்க முடியுறாங்க, சுவரு எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியல. இருட்டு வெளிச்சத்த சரியா போடாம கலர மாத்தி மாத்தி போடுறது, உப்பு போடாத கொழம்புல மசாலாவ மாத்தி மாத்தி கொட்டுற மாதிரி. கேத்தே கோல்விட்ஸ்னு படம் வரையுற ஒரு ஜெர்மன் அம்மா, அவங்க மகன் 1914ல சண்டையில செத்துட்டான், பெத்தவங்க துக்கத்த அவங்க அளவுக்கு யாரும் போட்டதில்லன்னு நான் சொல்லுவேன், பாதிக்கு மேல கரியும் கறுப்பு மையும் தான், கலரே கெடையாது. நேர்மாறா மத்தீஸ்னு ஒரு பிரெஞ்சு ஓவியரு 1905ல பொண்டாட்டி மொகத்துக்கு நடுவுல நெத்தியிலேர்ந்து தாடை வரைக்கும் ஒரு பச்ச கோடு இழுத்துட்டாரு, பச்சையா! ஆனாலும் மொகம் மொகமா தான் இருக்கு. ஏன்னா அந்த கோடு வெளிச்சமும் நெழலும் சந்திக்கற எடத்துல இருக்கு, அந்த எடத்துக்கு எவ்ளோ இருட்டு வேணுமோ அவ்ளோ இருட்டுல இருக்கு. இருட்டு கணக்கு சரியா இருந்தா கலருக்கு நீ எவ்ளோ வேணும்னாலும் லீவு குடுக்கலாம்.

பச்சைன்னு சொன்னதும் ஒன்னு. தோலுல பச்சை ஏதுன்னு கேக்குறவங்க செம்பனை தோட்டத்துக்குள்ள மத்தியானம் நின்னு பக்கத்துல இருக்கறவன் மொகத்த பாத்ததில்லன்னு அர்த்தம். மட்டையெல்லாம் தாண்டி எறங்குற வெளிச்சமே பச்சை, நெத்தியில வேர்வ மினுமினுக்கற எடத்துல பச்சை அப்படியே ஒக்காந்திருக்கும். அந்த காலத்து இத்தாலிக்காரங்க மொகம் போடுறதுக்கு முன்னாடி அடியில பச்ச மண் கலர பூசிட்டு தான் மேல ரோஸ் ஏத்துவாங்க, இப்ப பல படத்துல மேல் பூச்சு தேஞ்சு போயி மாதாவே பச்சையா தெரியுறாங்க.

வான்கோ 1885ல உருளைக்கிழங்கு சாப்புடுற ஒரு குடியானவன் குடும்பத்த போட்டாரு, ராத்திரி, மேல ஒரு வெளக்கு, அஞ்சு பேரு. அதுல மொகங்கள மொதல்ல வழக்கமான தோலு கலருல முடிச்சுட்டு, அப்புறம் மனசு கேக்காம எல்லாத்தையும் மேல திருப்பி அடிச்சாரு, எந்த கலருலன்னா தோலு உரிக்காத, மண்ணு ஒட்டின உருளைக்கிழங்கு கலருல. தம்பிக்கு எழுதுன கடுதாசியில அவரே சொல்லுறாரு. அவங்க எத தோண்டி எடுக்கறாங்களோ, எத திங்கறாங்களோ, அதோட கலர அவங்க மொகத்துல வெச்சாரு. எனக்கு இது மண்டையில ஏறுனப்ப நான் ஒடனே எங்கம்மாவோட பால் வெட்டுற சட்டைய நெனச்சேன். ரப்பர் பாலு மரத்துலேர்ந்து வரும்போது வெள்ள வெளேர்னு இருக்கும், துணியில பட்டு காஞ்சா கறுத்துப்போயி தோலு மாதிரி வெறச்சுக்கும், எத்தன தடவ தொவச்சாலும் போகாது. எங்கம்மா ஒழைப்ப நான் வரையணும்னா அந்த கலருல தான் வரையணும், வேற எந்த சார்ட்லயும் அது இருக்காது.

எங்கம்மா படத்த பத்தியே சொல்லிடுறேன், உனக்கு இதான் உபயோகம். அப்பா தவறின வருஷம் அம்மாவ மூணு தடவ போட்டேன். மொத தடவ சாம்பல், ரெண்டாவது தடவ நீலம், ஆமா உன்ன மாதிரியே, ரெண்டையும் கிழிச்சுட்டேன். அப்புறம் ஒரு நாள் காலையில பின்கதவு பக்கத்துல ஒக்காந்து அவங்க வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தாங்க, வெளிச்சம் பக்கவாட்டுல விழுது, அப்பதான் பாத்தேன். அவங்க வருஷக்கணக்கா ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுனவங்க, அந்த பசை பட்டு பட்டு நெத்தியில அந்த எடம் வெளுத்துப்போயிருக்கு. சுண்டுவெரல் நுனி அளவு ஒரு வட்டம். பொட்டு இருந்த வரைக்கும் அது கண்ணுக்கு தெரியல, பொட்ட எடுத்ததும் தெரியுது. வீட்டுல எல்லாரும் பாத்துக்கிட்டு தான் இருந்திருக்கோம், யாரும் வாய தொறக்கல. மூணாவது படத்துல அம்மா மொகத்த உள்ளபடி நல்ல சூடான மாநிறத்துல போட்டேன், பின்னாடி பலகை சுவரு, ஒன்னும் விசேஷம் இல்ல. கடைசியில நெத்தி கலருலயே துளி யெல்லோ ஓக்கரும் (மண் மஞ்சள்) ஊசி முனை வெள்ளையும் சேத்து ஒரே ஒரு படி தூக்கி அந்த வட்டத்த வெச்சேன், பிரஷ் ரெண்டு தடவ தொட்டிருக்கும். சின்னம்மா வந்து பாத்தாங்க, ஒன்னும் பேசல, உள்ள போயி தண்ணி குடிச்சாங்க.

முங்க்னு ஒரு நார்வே ஓவியரு, அக்கா நோயில படுத்துக் கெடக்கறத பாத்தவரு. சோஃபி, 1877ல காசநோயில போயிட்டாங்க, வயசு 15. அதுக்கு எட்டு வருஷம் கழிச்சு 'நோயுற்ற சிறுமி'ங்கற படத்த எடுத்தாரு, போட்டு, சுரண்டி, திருப்பி போட்டு, திருப்பி சுரண்டி, பெயிண்டே காயம்பட்ட மாதிரி ஆயிடுச்சு, அதோட விடாம நாப்பது வருஷத்துல மொத்தம் ஆறு தடவ போட்டாரு. அந்த புள்ளையோட வெளுத்த மொகம் வெள்ள தலகாணியில கரைஞ்சு போற மாதிரி இருக்கும், முடி மட்டும் செவப்பு. உயிரு எல்லாம் முடிக்கு போயிட்ட மாதிரி. நீ ஒரே ஒரு படம் போட்டுட்டு சரியா வரலன்னு ஒக்காந்திருக்க, பரவால்ல, வரிசையில ஆளு இருக்காங்க.

இப்ப உன் பாட்டிக்கு வருவோம். தங்கச்சி, உன் பாட்டிய நான் பதினஞ்சு வருஷமா பாத்திருக்கேன், சுங்கை சிப்புட் பாசார் (சந்தை) ஓரத்துல அவங்ககிட்ட அப்பம் வாங்கி தின்னு தான் பாதி நாளு வேலைக்கு போயிருக்கேன். விடியக்கால அஞ்சரைக்கு அவங்க மொகம் எப்படி இருக்கும்னு எனக்கு இப்பவும் தெரியும். மேல ஒரு டியூப் லைட்டு, அது கொஞ்சம் பச்சையடிக்கற வெள்ளை, தல முடியிலயும் மூக்குத்தண்டுலயும் விழும். கீழ கரி அடுப்பு, அதுலேர்ந்து ஆரஞ்சு வெளிச்சம் தாடைக்கு அடியிலயும் கை உட்பக்கத்துலயும். நடுவுல கண்ணு ரெண்டும் இருட்டு. சட்டி மூடிய தூக்கும்போது ஆவியில மொகம் ஒரு நிமிஷம் மறைஞ்சு திரும்ப வரும். சில்லறை குடுக்கறப்ப மட்டும் நிமிந்து பாப்பாங்க. நீ போட்டிருக்கறது அவங்க கல்யாணத்துலயோ எங்கயோ ஸ்டூடியோவுல நேரா பாத்துக்கிட்டு இருக்கற போட்டோவ வெச்சு, அதுல ஒரே வெளிச்சம், அதுல சோகமும் இல்ல சந்தோஷமும் இல்ல, போட்டோ புடிச்சவன் "இங்க பாருங்கம்மா"ன்னு சொன்னது மட்டும் தான் இருக்கு.

வெளிச்சத்த திருப்பி கொண்டு வா. தோல மூணு ட்யூப்ல தொடங்கு, பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமரின் (அடர் நீலம்), யெல்லோ ஓக்கர். சியன்னாவும் அல்ட்ராமரினும் கலந்தாலே கறுப்பு ட்யூப் தொடாம நல்ல உயிருள்ள இருட்டு வரும், நீலம் ஒரு பொட்டு கம்மியா இருந்தா சூடு, ஒரு பொட்டு கூடினா குளிரு. நெழல அதுல போடு. வெளிச்சத்துக்கு மொதல்ல ஓக்கரும் துளி செவப்பும், வெள்ளைய கடைசியா, டியூப் லைட்டு நேரா விழுற எடத்துக்கு மட்டும். நம்ம தோலுல மினுமினுப்பு நெறைய, மினுக்கற எடம் தோலு கலர காட்டாது, மேல இருக்கற லைட்டோட கலர தான் காட்டும், அதனால அந்த சின்ன எடத்துல லேசா பச்சையோ நீலமோ வந்தா உண்மையா இருக்கும். மொகம் முழுக்க வந்தா தான் பேய். அக்ரிலிக் காஞ்சா கொஞ்சம் இருட்டாகும், அதையும் கணக்குல வெச்சுக்க. தோட்டத்துல வளந்தவங்களுக்கு இத வெளக்கவே வேணாம், அதுல இருக்கற பசை ஈரத்துல பால் மாதிரி வெள்ளையா இருக்கும், காஞ்சா கண்ணாடியா ஆயிடும், நம்ம ரப்பர் பால் ஷீட்டா காயுற கதைதான். ஈரத்துல சரியா இருக்குன்னு விட்டுட்டு போனா காலையில பாட்டி ஒரு படி கறுத்திருப்பாங்க.

நீலம் போடணும்னு உனக்கு தோணுச்சு பாரு, அது தப்பான ஆச இல்ல, எடம் தான் தப்பு. உன் பாட்டி கட்டுனது வெள்ள சேலை. உன் தாத்தா போனதுலேர்ந்து அதான், எனக்கு நெனவு தெரிஞ்சு வேற கட்டி பாத்ததில்ல. அந்த சேலைக்கு அவங்க நீலம் போடுவாங்க. பழைய காலத்து சலவை நீலக்கட்டி இருக்கே, அதுவும் உன் ட்யூப்ல இருக்கற அல்ட்ராமரினும் ஒரே பொருள் தான். வெள்ளை துணி நாளாக நாளாக மஞ்சளடிக்கும், அந்த மஞ்சள அடக்க துளி நீலம் தண்ணியில கரைச்சு முக்குறது, எதிர் கலரு எதிர் கலர கொல்லுங்கறத பாட்டி வாரத்துக்கு ரெண்டு தடவ வாளியில செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. பிரான்ஸ்ல ஷெவ்ரல்னு ஒரு கெமிஸ்ட், கோபெலான் சாயப்பட்டறையில இருந்தவரு, நீலத்துக்கு பக்கத்துல வெச்ச கறுப்பு நூலு ஏன் வெளிறி தெரியுதுன்னு வந்த புகாருலேர்ந்து ஆராய்ச்சி பண்ணி, பக்கத்து கலரு தான் ஒரு கலர மாத்துதுன்னு 1839ல பெரிய புத்தகமே போட்டாரு. நீ அத படிக்க வேணாம், சேலை மடிப்ப பாரு. மடிப்போட நெழல்ல அல்ட்ராமரின தண்ணியா எறக்கு, அடுப்பு பக்கம் இருக்கற மடிப்புல மட்டும் ஆரஞ்சு ஏறட்டும். அவ்ளோ நீலத்துக்கு நடுவுல சியன்னாவுல போட்ட மொகம் தானா சூடாகும், நீ ஒன்னும் பண்ண வேணாம்.

பின்சுவர இருட்டாக்கிடு, விடியாத ஆகாசம் தானே. அந்த சிரிக்கற மாதிரி வாய மாத்தாத, அது நல்லா வந்திருக்கு. கண்ண கீழ எறக்கு, சட்டிய பாக்கட்டும்.

நேருல பாத்து கத்துக்கணும்னா கோலாலம்பூர் போறப்ப பாலாய் செனி நெகாராவுக்கு, அதான் தேசிய கலைக்கூடத்துக்கு, ஒரு நாள் ஒதுக்கு. நம்ம ஆளுங்கள்ல சையத் தாஜுதீன் போட்ட படத்த எங்க பாத்தாலும் நில்லு, 1943ல ராமநாதபுரம் பக்கம் அழகன்குளத்துல பொறந்தவரு, மெட்ராஸ்ல ஓவியம் படிச்சவரு, காதல போடுறப்ப கலருக்கு கஞ்சத்தனமே பட மாட்டாரு. அனுரேந்திர ஜெகதேவா வேற ரகம், நம்ம இந்தியர் வீட்டு மொகங்கள நையாண்டியும் வலியுமா சேத்து போடுறவரு, எனக்கு அவரு தான் புடிக்கும், உனக்கு யாருன்னு நீ பாத்து சொல்லு. இந்தியாவுல அம்ரிதா ஷெர்கில், 1937 வாக்குல அஜந்தாவையும் தெக்கத்தி ஊருகளையும் சுத்திட்டு வந்து போட்ட படங்கள தேடு, கறுத்த மேனியும் வெள்ள வேட்டியும் பக்கத்துல பக்கத்துல எப்படி ஒக்காந்திருக்குன்னு பாரு. வெளுப்பாக்கணும்னு அந்தம்மாவுக்கு தோணவே இல்ல. அப்ப அவங்களுக்கு 24 வயசு.

இந்த கேன்வாஸ தூக்கி போடாத, மேலயே அடி, அடியில இருக்கற நீலம் அங்கங்க எட்டிப் பாத்தா பாக்கட்டும். சனிக்கிழம காலையில பாசார் பக்கம் வா, ஏழு மணிக்குள்ள, அப்பதான் டியூப் லைட்டு எரியும். இப்ப பாட்டி எடத்துல வேற ஒரு அக்கா கட போட்டிருக்காங்க, கேஸ் அடுப்பு தான், அதனால ஆரஞ்சு வெளிச்சம் கெடைக்காது, அத நீ தான் நெனவுலேர்ந்து எடுக்கணும். படத்தையும் கலர் பொட்டியையும் எடுத்துக்கிட்டு வா, வெள்ள ட்யூப்ப மட்டும் வீட்டுலயே வெச்சுட்டு வா.